காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சேலம் பதிப்பில் அண்மையில் வெளிவந்த வீட்டுக் குறிப்பு ஒன்றில், எவர்சில்வர் பாத்திரம் வாங்கச் செல்பவர்கள் சிறு காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்றும், காந்தம் ஒட்டாத பாத்திரமே தரமானது, ஒட்டினால் அது போலி என்றும் எழுதப்பட்டிருந்தது. நல்ல எண்ணத்தோடு எழுதிய குறிப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதை அப்படியே நம்பிக் கடைக்குப் போகிறவர், நல்ல பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு மட்டமானதை அதிக விலை கொடுத்து வாங்கி வரவும் கூடும். தகடுகளின் தர ஆய்வில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் இதைப் பற்றி எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பெரிய கொதிகலனைத் தேர்ந்தெடுக்க வேண்டிய பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்தது.

என் மகளும் மருமகனும் அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் வசிக்கிறார்கள். மருமகனுக்கு வீட்டிலேயே பீர் தயாரிக்கும் பழக்கம் உண்டு; அதற்கான அண்டாதான் நான் சொன்ன கொதிகலன். அங்கே அது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. 1978ஆம் ஆண்டு அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, வயதுவந்த இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்காக வரியின்றித் தயாரித்துக்கொள்ளலாம். நம் ஊரில் நிலைமை முற்றிலும் வேறு. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்ட 1937ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் முதல் தேதியன்று, ராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்திய மாவட்டம் நம் சேலம்தான். இன்று அரசே கடை நடத்தினாலும், உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது இங்கே குற்றமே. எனவே இக்கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் இங்கே அடுப்பு மூட்ட வேண்டாம். பாத்திரத்தைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். பழரசம் காய்ச்சுகிறவர்களுக்கும், ஜாம் கிண்டுகிறவர்களுக்கும், விசேஷ வீடுகளுக்கு ரசமும் பாயசமும் வைக்கிற சமையல்காரர்களுக்கும் இதே பாத்திரம்தான் தேவைப்படுகிறது.

முதலில் காந்த விஷயம். இரும்போடு குரோமியம் சேரும்போது அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டாகிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலமே. நிக்கல் சேர்ப்பதால் உலோகத்தின் படிக அமைப்பு மாறி, காந்தத்தால் ஈர்க்கப்படும் குணம் போய்விடுகிறது. சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட 304 கிரேடு இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் நிக்கல் விலை உயர்ந்த உலோகம். அதன் அளவைக் குறைத்து, மலிவான மாங்கனீசையும் சிறிது நைட்ரஜனையும் சேர்த்தாலும் அதே படிக அமைப்பு கிடைத்துவிடும். 4 முதல் 6 சதவீதம் வரை நிக்கல் உள்ள 202 கிரேடும், அதைவிடக் குறைவாக, சுமார் 1 சதவீதம் மட்டுமே நிக்கல் கொண்டு நம் சந்தையில் ஜே4 என்ற பெயரில் புழங்கும் தகடும் இப்படி உருவானவைதான். இவற்றிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே 304க்கும் ஜே4க்கும் உள்ள வேறுபாட்டைத்தான் வாங்குகிறவர் அறிய விரும்புகிறார் என்றால், அந்த ஒரு கேள்விக்குக் காந்தத்திடம் பதில் இல்லை.

மறுபக்கமும் உண்டு. நல்ல 304 தகட்டை அச்சில் வைத்து ஆழமாக இழுத்துப் பாத்திரமாக்கும்போது, அதிகம் நீண்டு வளைந்த இடங்களில், குறிப்பாக அடிப்பகுதியின் விளிம்பு வளைவில், படிக அமைப்பு ஓரளவு மாறி அங்கே காந்தம் இலேசாக இழுக்கும். குறிப்பை நம்பிச் சென்ற வாசகர் அதைப் போலி என்று எண்ணித் திரும்பி வந்திருப்பார். மின்தூண்டல் அடுப்புக்கு ஏற்ற பாத்திரங்களின் அடியில் காந்தம் ஒட்டுகிற 430 கிரேடு தகட்டை வேண்டுமென்றே பொருத்துகிறார்கள்; அது இல்லையென்றால் அந்த அடுப்பே வேலை செய்யாது. நிக்கல் இல்லாத இந்த 430 கிரேடும் எவர்சில்வர்தான், போலி அல்ல. அதில் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் உண்டு. தட்டு, கரண்டி, மூடி போன்றவற்றுக்குத் தாராளமாகப் பொருந்தும். காந்தக் கல்லான மேக்னடைட் தாது மண்டிக் கிடக்கும் கஞ்சமலையின் அருகிலேயே, 1981இல் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கிய உருக்காலையை வைத்துக்கொண்டிருக்கும் ஊரிலிருந்து காந்தத்தைப் பற்றி இப்படி ஒரு குறிப்பு வெளிவந்தது எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

அப்படியென்றால் கிரேடை எப்படி அறிவது? மாங்கனீசு அதிகமுள்ள தகட்டைக் காட்டிக்கொடுக்கும் சோதனைத் திரவம் சிறு குப்பிகளில் கிடைக்கிறது. பாத்திரத்தின் அடியில் ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியின் முனைகளை முறைப்படி வைத்தால், 202, ஜே4 போன்ற 200 வரிசைத் தகட்டில் சொட்டு சிவந்துவிடும். 304இல் அப்படிச் சிவக்காது. பழைய உலோகம் வாங்கும் பெரிய வியாபாரிகளிடம் இருக்கும் எக்ஸ் கதிர்க் கருவியோ, எந்தெந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று சில நொடிகளில் திரையில் காட்டிவிடும். இவை எல்லாருக்கும் எட்டக்கூடியவை அல்ல. எட்டக்கூடிய வழி ஒன்றுதான்: கிரேடு என்னவென்று கேட்டு, அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுவது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கும்போது டச், அதாவது வெள்ளியின் தூய்மை, எவ்வளவு என்று கேட்காமல் விலை பேசுகிறவர் எவரும் இல்லை. அதே ஆள் பாத்திரக் கடைக்குள் நுழைந்ததும் பளபளப்பை மட்டும் பார்க்கிறார். பளபளப்பு என்பது பஃபிங் சக்கரத்தின் வேலை. ஜே4 தகட்டையும் முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்துவிடலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 202 கிரேடைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. சாம்பார் வைக்கவும் தண்ணீர் பிடித்து வைக்கவும் அது ஆண்டுக்கணக்கில் உழைக்கும். உப்பும் புளிப்பும் சேர்ந்த திரவத்தை நெடுநேரம் கொதிக்க வைத்து, அப்படியே ஊறவிட்டு, பின்னர் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிற இடங்களில்தான் வேறுபாடு தெரியவரும். குளோரைடு அந்த ஆக்சைடு படலத்தைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும். நிக்கலும் குரோமியமும் குறைந்த தகட்டில் குழிகள் விரைவில் தோன்றும். எனவே என் மனக்குறை 202 தகட்டின் மீது இல்லை. 202ஐயோ ஜே4ஐயோ 304இன் விலைக்கு விற்பதன் மீதுதான்.

அடுத்தது கனம். வாங்குகிறவர் ஏமாறுவது கிரேடைவிடக் கனத்தில்தான் அதிகம் என்பது என் எண்ணம். கடைகளில் கனத்தை கேஜ் கணக்கில் சொல்கிறார்கள். அந்த எண் கூடக்கூடத் தகடு மெலிகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. 18 கேஜ் என்பது சுமார் 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் சுமார் 0.7, 24 கேஜ் 0.55 மட்டுமே. விளிம்பை நன்றாக மடித்துவிட்டால் மெல்லிய பாத்திரமும் கையில் பிடிக்கும்போது உறுதியாகவே தோன்றும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை, கடையில் இருக்கும் தராசே போதும். உட்புற விட்டம் 36 செ.மீ., உயரம் 36 செ.மீ. உள்ள, நேர்ச் சுவர் கொண்ட அண்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் சுவரும் அடியும் சேர்ந்த பரப்பு ஏறத்தாழ 5,090 சதுர செ.மீ. எவர்சில்வரின் அடர்த்தி கன செ.மீட்டருக்கு ஏறக்குறைய 7.9 கிராம். ஆகவே 1.2 மி.மீ. தகட்டில் செய்திருந்தால், மூடியும் கைப்பிடியும் நீங்கலாக அண்டா 4.8 கிலோ இருக்க வேண்டும், 0.7 மி.மீ. என்றால் 2.8 கிலோதான் வரும். பதினெட்டு கேஜ் என்று சொல்லித் தரப்படும் பாத்திரம் மூன்று கிலோவோடு நின்றுவிட்டால், அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. கிலோக் கணக்கில் விற்கும் கடையில், மெலிந்த பாத்திரத்துக்கு விலையும் குறைவாகத்தானே வரும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பெரிய கொதிகலன்களைப் பெரும்பாலும் எடைக்கு அல்லாமல் லிட்டர் கணக்கில்தான் விலை சொல்கிறார்கள்.

கனத்துக்கு நான் இவ்வளவு அழுத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. எவர்சில்வர் வெப்பத்தைப் பரப்புவதில் மிகவும் மந்தமானது. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகப் பரப்பும். மெல்லிய அடியுள்ள பாத்திரத்தில் தீ படும் வட்டத்துக்கு நேர் மேலே சர்க்கரைச் சத்து தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். பீருக்கான திரவம் என்பது, முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்தெடுக்கும் இனிப்புச் சாறு. அது அடிப்பிடித்தால் அந்தத் தீய்ந்த வாடை கடைசிவரை போகாது. பழரசமும் பாயசமும் அப்படித்தான். எனவே பெரிய பாத்திரமாக இருந்தால், இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியத் தகட்டை வைத்து அழுத்திய சாண்ட்விச் அடி உள்ளதை வாங்குவது நல்லது. அது கிடைக்காவிட்டால், அடியாவது 1.2 மி.மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

அளவைப் பற்றி மருமகனுக்கும் எனக்கும் தொலைபேசியில் நீண்ட விவாதமே நடந்தது. அங்கே ஒரு தடவைக்கு 5 கேலன், அதாவது 19 லிட்டர் தயாரிப்பது வழக்கமாம். அதனால் 25 லிட்டர் பாத்திரம் போதும் என்றார். கொதிக்கும்போது ஆவியாகிப் போவதையும், அடியில் தங்கும் கசடையும் சேர்த்துக் கணக்கிட்டால், அடுப்பில் ஏற்றும்போதே 25 லிட்டர் இருந்தாக வேண்டும் என்பதை எடுத்துச் சொன்னேன். முதல் கொதி வரும்போது பார்லியின் புரதம் நுரையாகத் திரண்டு ஒரே மூச்சில் மேலெழும். அதற்கு இடமில்லையென்றால் அடுப்பெல்லாம் பிசுபிசுப்பாகிவிடும். போதாததற்கு டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இரண்டு இடங்களிலும் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். கசப்புச் சுவைக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களிலிருந்து அந்தக் கசப்பை இறக்குவது சூடுதான் என்பதால், கொதிநிலை தாழ்ந்த ஊரில் இன்னும் சற்று நேரம் கொதிக்கவிட வேண்டியிருக்கும். நேரம் கூடினால் ஆவியாவதும் கூடும். அதற்கும் சேர்த்துத் தொடக்கத்தில் ஊற்ற வேண்டும். இவ்வளவையும் கேட்டபின், "சரி மாமா, நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

மேலே கணக்குக் காட்டிய அதே 36க்கு 36 அண்டாவைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதன் கொள்ளளவு 36 லிட்டருக்குச் சற்று மேல். அந்த விட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு. உள்ளே ஒரு செ.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும். எவர்சில்வர் அளவுகோல் ஒன்றை உள்ளே நிறுத்தினால், எத்தனை லிட்டர் இருக்கிறது, கொதித்து எத்தனை குறைந்திருக்கிறது என்பதை அப்படியே படித்துக்கொள்ளலாம். விசேஷ வீட்டுச் சமையல்காரர்களுக்கும் இந்த அளவை நான் பரிந்துரைப்பேன். ஜாம் செய்கிறவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. விரைவாக நீர் வற்ற வேண்டும் என்பதால் அவர்களுக்கு அகலம் கூடுதலாகவும் உயரம் குறைவாகவும் உள்ள சட்டியே ஏற்றது. ஏற்காட்டில் கொய்யாவும் ஆரஞ்சும் வாங்கி ஜாம் கிண்டுகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். 105 டிகிரி வந்ததும் இறக்கு என்று புத்தகங்களில் போட்டிருப்பது கடல் மட்டத்துக்கான கணக்கு. மலையில் 100 டிகிரி வந்தாலே பதம் வந்துவிடும். 105 வரை காத்திருந்தால் ஜாம் கரண்டியில் எடுக்க முடியாதபடி இறுகிப்போகும்.

திரவத்தை இறக்க அண்டாவில் குழாய் பொருத்தும் வேலையில் கவனம் தேவை. நம் ஊர்ப் பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் வெளிப்பக்கம் பற்றுவைக்கும்போது உட்பக்கத்துக்கும் ஆர்கான் வாயு தராவிட்டால், உள்ளே பற்று கருகிச் சொரசொரப்பாகிவிடும். பற்றைச் சுற்றி நீலமும் பழுப்புமாக ஒரு வளையம் தெரிந்தால், அந்த இடத்தில் பாதுகாப்புப் படலம் கெட்டிருக்கிறது என்று பொருள். பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசையைத் தடவிக் கழுவித் தரும்படி பட்டறைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். துரு எப்போதும் அந்த வளையத்திலிருந்துதான் தொடங்கும். பித்தளைக் குழாய் வேண்டாம். புளிப்பான திரவம் செம்பையும், சில பித்தளைகளில் கலந்திருக்கும் ஈயத்தையும் சிறிது சிறிதாகக் கரைக்கும். மூன்று துண்டுகளாகக் கழற்றக்கூடிய எவர்சில்வர் பந்து வால்வுதான் ஏற்றது. சாதாரண பந்து வால்வில் உருண்டையைச் சுற்றியுள்ள இடுக்கில் எப்போதும் கொஞ்சம் திரவம் தங்கிக் கெட்டுப்போகும். ஆறவைத்த பீர்ச் சாறு அந்த வழியாக இறங்கும்போது அதில் கிருமி ஏறிவிடும். ஆறிய ரசத்துக்கும் பழரசத்துக்கும் அதே கதிதான். மருமகனின் அண்டாவுக்கு நான் வெல்டிங் செய்விக்கவே இல்லை. துளை மட்டும் போட்டு, அதன் ஓரத்தை வழவழப்பாக அராவச் செய்து, சிலிகான் வாஷர் வைத்து இறுக்கும் இணைப்பைக் கொடுத்திருக்கிறேன். கழற்றிக் கழுவவும் எளிது, பழுதானால் மாற்றவும் எளிது. சாதாரண ரப்பர் வாஷர் கொதிசூட்டில் வாடை விடும்.

கைப்பிடியையும் பார்க்க வேண்டும். திரவத்தோடு சேர்த்து அந்த அண்டா முப்பது கிலோவைத் தாண்டும். நான்கு புள்ளிகளில் மட்டும் ஸ்பாட் வெல்டிங் வைத்த காது அந்தப் பாரத்துக்கு ஆகாது. விளிம்பைக் கம்பி வைத்து உருட்டியிருந்தால், அந்தக் கம்பி சாதாரண இரும்பா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூடி எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பீர் காய்ச்சும்போது மூடியைத் திறந்தேதான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வேதிப்பொருள் வெளியேறாமல் தங்கி வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை வரும் என்று மருமகன் சொன்னார்.

புதுப் பாத்திரத்தின் உள்ளே பஃபிங் மெழுகு ஒட்டியிருக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பாக வருவது அதுதான். சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்பு போட்டு வெந்நீரில் கழுவி, பின்னர் எலுமிச்சை உப்புக் கரைத்த தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டால் போதும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரால் படியும் வெள்ளைக் கறைக்கும் இதே எலுமிச்சை உப்புத்தான் மருந்து. இரும்புக் கம்பி நாரைக் கொண்டு தேய்க்கவே கூடாது. அதன் துகள்கள் தகட்டில் ஒட்டித் துருப்பிடிக்க, பழி பாத்திரத்தின் மேல் விழுகிறது.

எவர்சில்வர் பாத்திரங்களுக்கென்று ஐ.எஸ். 14756 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணையையும் மத்திய அரசு 2024இல் பிறப்பித்தது. ஆகவே முத்திரை உண்டா என்று பார்க்கலாம். பட்டறையில் சொல்லிச் செய்விக்கும் பெரிய அண்டாக்களுக்கு முத்திரையை எதிர்பார்க்க முடியாது. அங்கே கிரேடு, தகட்டின் கனம், எடை ஆகிய மூன்றும் ரசீதில் இருந்தாக வேண்டும். நான் அணுகிய கடைகளில் ஒன்றில் கிரேடு என்ற சொல்லைக் கேட்டதுமே, "நம்பிக்கை இருந்தால் வாங்குங்கள்" என்று பதில் வந்தது. இன்னொரு கடைக்காரர் மறுபேச்சின்றி மூன்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவரிடமே வாங்கினேன்.

விமானத்தில் அனுப்பும் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 செ.மீ. என்ற வரம்பு இருக்கிறது. அண்டா அட்டைப்பெட்டியோடு சேர்த்து அதற்குள் அடங்குகிறது. உட்புறம் காலியாகப் போகக் கூடாது என்று என் மனைவி பருப்புப் பொடியும் வடகமும் கட்டி நிரப்பத் தொடங்கிவிட்டார்.

அந்த வீட்டுக் குறிப்பைத் தாங்கள் திருத்தி வெளியிடும்போது, காந்தத்தை விட்டுவிட்டு, கடைத் தராசைப் பயன்படுத்தும் முறையையும், ரசீதில் எழுதிக் கேட்க வேண்டிய மூன்று விவரங்களையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
அழகாபுரம், சேலம்.